ஹாக்கி உரிமை யாரிடம் போக வேண்டும்? ஒரே கை, இரண்டு கை, ஊர்க் கை

அமெரிக்காவில் என்.எச்.எல். (அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டங்களின் தேசிய ஒளிபரப்பு உரிமை 2027-28 பருவத்தோடு முடிகிறது. ஈ.எஸ்.பி.என்., டர்னர் என இரண்டு நிறுவனங்கள் 2021-ல் ஏழு ஆண்டுக்கு வாங்கிய உரிமை அது. கனடாவில் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. 2025 ஏப்ரலில் கேபிள், போன் சேவையோடு சேனல்களும் நடத்தும் ரோஜர்ஸ் நிறுவனம் இன்னொரு பன்னிரண்டு ஆண்டுக்கு 1,100 கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. 2026-27-ல் தொடங்கி 2037-38 வரை கனடாவின் தேசிய ஒளிபரப்பு அவர்கள் கையில்தான். எல்லைக்கு வடக்கே பேரம் முடிந்துவிட்டது, தெற்கே இனிமேல்தான்.

இந்த மாதிரி பேரங்களில் பேச்செல்லாம் தொகையைப் பற்றித்தான். லீக்குக்கு எவ்வளவு வரும், ஒவ்வோர் அணி உரிமையாளருக்கும் எவ்வளவு பிரியும், வீரர்களின் சம்பள உச்சவரம்பு எவ்வளவு ஏறும் என்பதோடு செய்திகளும் நின்றுவிடும். வீட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவருக்கு எந்த ஏற்பாடு நல்லது என்று யாரும் கேட்பதில்லை. நான் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதற்கு ஊகம் தேவையில்லை. ஒரே நிறுவனம், சின்ன சேனல், இரண்டு நிறுவனம், ஊர் ஒளிபரப்பு என்று எல்லா வழியையும் இந்த லீக் கடந்த நாற்பது ஆண்டுகளில் முயன்று பார்த்துவிட்டது. சிலவற்றை இரண்டு முறை.

முதலில், தரம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கி கேமராவுக்குச் சுலபமான ஆட்டம் இல்லை. பக் என்பது மூன்று அங்குல அகலமுள்ள கறுப்பு ரப்பர் வட்டு. அரங்கம் 200 அடி நீளம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீரர்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்து மாறுவார்கள். விசில் அடிக்கும் சில நொடிகளுக்குள் ரீப்ளே காட்டி முடித்துவிட வேண்டும். நட்சத்திர வீரரின் முகத்தை நெருக்கத்தில் காட்ட ஆசைப்பட்டு இயக்குநர் ஒரு கணம் பொத்தானை மாற்றினால் அந்தக் கணத்தில் கோல் விழுந்திருக்கும். ஆகவே கேமரா, ஒலி, ரீப்ளே எல்லாம் சேர்ந்த படத்தின் தரம் ஒன்று. வர்ணனையாளரும் இடைவேளைக் குழுவும் பேசுகிற பேச்சின் தரம் இன்னொன்று. இது இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தச் சேனல் வராவிட்டால் எதற்கும் பயனில்லை. அது மூன்றாவது.

இந்த மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. ஏகபோக ஒப்பந்தம் தரத்தைக் கெடுத்துவிட்டது என்று ஒருவர் சொல்வார், இல்லை முன்னேற்றிவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். பெரும்பாலும் இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கனடா: பன்னிரண்டு ஆண்டு ஒரே கையில்

2013 நவம்பர் 26-ம் தேதி வரை கனடாவில் ஆங்கில ஒளிபரப்பு இரண்டு பேரிடம் இருந்தது. சனிக்கிழமை இரவு சி.பி.சி.யின் 'ஹாக்கி நைட் இன் கனடா', வார நாட்களில் டி.எஸ்.என். முன்னது 1952 முதல் தொலைக்காட்சியில் வரும் நிகழ்ச்சி, பொதுமக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனத்துடையது. பின்னது பெல் தொலைத்தொடர்புக் குழுமத்தின் கட்டணச் சேனல். அன்றைக்கு ரோஜர்ஸ் பன்னிரண்டு ஆண்டுக்கு 520 கோடி கனடிய டாலர் என்று அறிவித்து மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. 2014-15 பருவத்திலிருந்து தேசிய ஆட்டங்கள் எல்லாம் அவர்களுடையவை.

தொடக்கம் அமோகமாக இருந்தது, அதை மறுக்க முடியாது. முன்பெல்லாம் சனிக்கிழமை மாலை உங்கள் பகுதிக்கு சி.பி.சி. எந்த ஆட்டத்தை ஒதுக்கியதோ அதுதான். ரோஜர்ஸ் தன் கையில் இருந்த சேனல்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆட்டங்களைப் போட்டது. டொராண்டோவில் இருக்கும் மான்ட்ரியால் ரசிகர் தன் அணியைப் பார்க்கலாம், வான்கூவர் ரசிகரும் பார்க்கலாம். பிரமாண்டமான புதிய ஸ்டூடியோ வந்தது. நடுவரின் தலைக்கவசத்தில் கேமரா வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய் அங்கிருந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். தனி உரிமைக்குக் கொட்டிக் கொடுத்தவர் அதைப் பளபளப்பாகக் காட்டத்தான் செய்வார். முதல் இரண்டு பருவத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இந்த வழிதான் ஜெயிக்கும்.

அப்புறம் 2016 வசந்தம் வந்தது. ஏழு கனடிய அணிகளில் ஒன்றுகூட பிளேஆஃபுக்கு, அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்கு, தகுதி பெறவில்லை. 1970-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. கனடாவில் பார்ப்பவர் கூட்டம் விழுந்தது, விளம்பர வருவாயும் கூடவே விழுந்தது. இந்த இடத்தில்தான் நீண்ட ஏகபோகத்தின் உள்கணக்கு வெளியே தெரிகிறது. உரிமைத் தொகை எழுதிக் கொடுத்த தொகை, அதில் ஒரு டாலர் குறைக்க முடியாது. வருமானம் குறைந்தால் நிறுவனத்தின் கையில் வெட்டுவதற்கு மீதி இருப்பது தயாரிப்புச் செலவு ஒன்றுதான். இளைஞர்களை ஈர்ப்பதற்காக 2014-ல் தொகுப்பாளராகக் கொண்டுவந்த ஜார்ஜ் ஸ்ட்ரோம்பலோபுலஸ் 2016 ஜூனில் போனார், ஓரங்கட்டப்பட்டிருந்த ரான் மெக்லீன் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். 2019-ல் பல ஆண்டுகள் இருந்த கருத்தாளர்கள் சிலர் விடுவிக்கப்பட்டார்கள். ஊர் ஊராகப் போன ஞாயிறு நிகழ்ச்சி 2022-ல் நின்றது. இதையெல்லாம் சமாளித்து நல்ல ஒளிபரப்பு தந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் செலவைக் குறைத்தால் ரசிகர் வேறு சேனலுக்குப் போய்விடுவார் என்ற பயம் அந்த நிறுவனத்துக்கு இருக்கவில்லை. தேசிய ஆட்டத்துக்கு வேறு சேனலே இல்லை.

இன்னொரு சங்கதி, என்னை அதிகம் உறுத்துவது. 2014-ல் ரோஜர்ஸ் சில விசேஷக் கேமராக் கோணங்களைத் தன் இணைய, கேபிள், போன் வாடிக்கையாளருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தது. பெல் நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2015-ல் தீர்ப்பு ரோஜர்ஸுக்குச் சாதகமாக வந்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ரசிகரின் கோணத்தில் பாருங்கள்: கோல் வலைக்கு மேலே இருக்கும் கேமரா எதைப் பார்த்தது என்பது நீங்கள் யாரிடம் போன் இணைப்பு வாங்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றாகிவிட்டது. உரிமை வாங்கியவர் கேபிளும் போனும் விற்கிறவராக இருந்தால், படமே கடை வாசலில் தொங்கவிடும் சரக்காகிவிடும்.

பேச்சுக்கு வருவோம். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியை வைத்திருக்கும் நிறுவனத்தில் ரோஜர்ஸும் பெல்லும் 2012 முதல் ஆளுக்கு 37.5 சதவீதம் வைத்திருந்தார்கள். 2025 ஜூலையில் பெல்லின் பங்கையும் ரோஜர்ஸ் வாங்கிவிட்டது, இப்போது 75 சதவீதம். நாட்டின் மிக அதிக ரசிகர்கள் உள்ள அணிகளில் ஒன்றின் முதலாளியே நாட்டின் தேசிய ஹாக்கி உரிமையையும் கையில் வைத்திருப்பவர். இடைவேளைக் குழுவில் இருப்பவர்கள் லீஃப்ஸ் நிர்வாகத்தைத் திட்டாமல் இல்லை, நன்றாகவே திட்டுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் "இவர் சம்பளம் எங்கிருந்து வருகிறது" என்று பார்க்கிறவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனை வந்துவிட்டாலே பேச்சின் மதிப்பு பாதி போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை. தேசிய உரிமையை இழந்த டி.எஸ்.என்.தான் ஹாக்கிப் பேச்சில் தளரவில்லை. கையில் சில அணிகளின் பிராந்திய ஆட்டங்களும் உலக ஜூனியர் போட்டியும்தான் மிச்சம். ஆனால் பாப் மெக்கன்சி போன்ற செய்தியாளர்களை வைத்துக்கொண்டு, வீரர் பரிமாற்றக் கடைசி நாள் மாதிரியான தினங்களில் முழு நாள் நிகழ்ச்சி நடத்தியது. காட்டுவதற்கு ஆட்டம் இல்லாதவர் செய்தியைத்தானே நம்ப வேண்டும்! கனடாவில் ஹாக்கிச் செய்திக்கு எப்போதும் ஆள் இருப்பதால் இது ஓடியது. அமெரிக்காவில் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்று சேர்வதில் கனடாவைக் காப்பாற்றியது ஓர் உள் ஒப்பந்தம். ரோஜர்ஸ் சனிக்கிழமை ஆட்டங்களை சி.பி.சி.யிலும் தொடர்ந்து காட்ட அனுமதித்தது. சி.பி.சி.க்கு விளம்பரப் பணம் கிடையாது, நிகழ்ச்சியில் என்ன வரும் என்பதில் அதிகாரமும் கிடையாது. அலைவரிசையை மட்டும் கொடுக்கிறது. பொது நிறுவனத்துக்கு இது அவமானம் என்று அப்போது பலர் கொதித்தார்கள். எனக்கு அந்தக் கொதிப்பில் பெரிய உடன்பாடு இல்லை. ஆன்டெனா மட்டும் வைத்திருக்கும் வீட்டிலும் சனிக்கிழமை ஹாக்கி தெரிந்தது, எனக்கு அது போதும்.

பிரெஞ்சு மொழிக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சி.பி.சி.யின் பிரெஞ்சுப் பிரிவான ராடியோ-கனடாவின் சனிக்கிழமை ஹாக்கி 2004-லேயே நின்றுபோனது. ரோஜர்ஸ் பிரெஞ்சு உரிமையை உள்குத்தகையாகக் கொடுத்தது டி.வி.ஏ. ஸ்போர்ட்ஸ் என்ற கட்டணச் சேனலுக்கு. ஒரே லீக், ஒரே தலை ஒப்பந்தம். ஆங்கிலம் பேசுகிற வீட்டுக்கு ஆட்டம் இலவசம், மான்ட்ரியால் அணியைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிற பிரெஞ்சு வீட்டுக்குக் கட்டணம். ஏகபோகம் என்பது மேலே ஒரு கையெழுத்துதான். கீழே யாருக்கு எப்படிக் குத்தகை போகிறது என்பதில்தான் பார்ப்பவரின் கதி இருக்கிறது.

உள்குத்தகையின் நல்ல பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2008-ல் சி.பி.சி. தொடங்கிய பஞ்சாபி வர்ணனை, பிறகு ரோஜர்ஸின் பன்மொழிச் சேனலான ஓம்னியில் இடம்பிடித்தது. 2016-ல் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதியின் முதல் ஆட்டத்தில் நிக் பொனினோ வெற்றி கோல் போட்டபோது ஹர்நாராயண் சிங் "பொனினோ, பொனினோ, பொனினோ" என்று மூச்சு விடாமல் கத்தியது கனடா தாண்டி அமெரிக்கா வரை பரவியது. ஒரே நிறுவனத்திடம் நிறைய சேனல்கள் இருந்தால் இந்த மாதிரி ஒரு ஓரத்தை ஒதுக்க முடிகிறது. டொராண்டோவைச் சுற்றி இத்தனை தமிழர் இருக்கிறோம், நமக்கு ஒரு ஓரம் எப்போது என்று கேட்டுவிட்டு நகர்கிறேன்.

சின்ன சேனலுக்குப் பெரிய லீக்

இந்த வழியை அமெரிக்காவில் இரண்டு முறை முயன்றார்கள். 1988-ல் ஈ.எஸ்.பி.என்.ஐ விட்டுவிட்டு, அதிகப் பணம் தந்த ஸ்போர்ட்ஸ்சேனல் அமெரிக்கா என்ற சேனலுக்குப் போனார்கள். அது எட்டிய வீடுகள் மிகக் குறைவு. நான்கு பருவத்துக்குப் பிறகு 1992-ல் மறுபடி ஈ.எஸ்.பி.என்.ஐத் தேடி வந்தார்கள்.

இரண்டாவது முறை இன்னும் சுவாரசியமானது. சம்பளத் தகராறில் 2004-05 பருவம் முழுவதும் ரத்தானது. அதன்பின் ஈ.எஸ்.பி.என். விலகிக்கொள்ள, காம்காஸ்ட் நிறுவனத்தின் ஓ.எல்.என். சேனல் 2005-ல் உரிமையை வாங்கியது. அதுவரை அது வேட்டை, மீன்பிடி, சைக்கிள் பந்தயம் காட்டிய சேனல். அடுத்த ஆண்டு வெர்சஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2012-ல் என்.பி.சி. ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் ஆனது.

நியாயமாகச் சொன்னால், சின்ன சேனலில் ஹாக்கிக்குக் கிடைத்த கவனம் பெரிய சேனலில் கிடைக்காதது. அங்கே ஹாக்கிதான் மாப்பிள்ளை. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நேரம் கொடுத்தார்கள், வேறு பெரிய ஆட்டம் வந்து தள்ளிவிடும் என்ற பயம் இல்லை. பேச்சும் படமும் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறின. வீரர்கள் உட்காரும் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு கருத்தாளரை நிறுத்துவது என்.பி.சி. குழுமத்தில் வழக்கமாகி, இன்று எல்லோரும் செய்கிற விஷயமாகிவிட்டது. பயிற்சியாளர் என்ன கத்துகிறார், எந்த வீரர் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்கிறார் என்பது மேலே வர்ணனை அறையில் இருப்பவருக்குத் தெரியாது.

ஆனால் சென்று சேர்வதில் அடி. ஹோட்டல்களில் அந்தச் சேனல் இல்லை, பல கேபிள் தொகுப்புகளில் இல்லை. 2009 செப்டம்பரில் கட்டணத் தகராறில் செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டைரக்டிவி வெர்சஸை நிறுத்தியது. 2010 மார்ச் நடுவில்தான் திரும்ப வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஏறக்குறைய முழுப் பருவமும் போய்விட்டது. தனி உரிமை என்பதால் அந்த வீடுகளுக்கு மாற்று வழியும் இல்லை.

கூடவே சில ஆட்டங்களைக் காட்டிய பெரிய சேனலான என்.பி.சி. எப்படி நடந்துகொண்டது? 2007 மே 19, ஒட்டாவாவும் பஃபலோவும் மோதிய கிழக்குப் பிரிவு இறுதி, ஐந்தாவது ஆட்டம். ஒட்டாவா ஜெயித்தால் ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போகும். ஆட்டம் சமனில் முடிந்து ஓவர்டைமுக்குப் போனது. என்.பி.சி. அந்த இடத்தில் ஹாக்கியை விட்டுவிட்டு ப்ரீக்னஸ் குதிரைப் பந்தயத்துக்குத் தாவியது. பந்தயம்கூட இல்லை, பந்தயத்துக்கு முந்தைய பேச்சு. ஓவர்டைம் வேண்டுமானால் வெர்சஸுக்குப் போங்கள் என்றார்கள். ஒட்டாவாவின் டேனியல் ஆல்ஃப்ரட்சன் வெற்றி கோல் போட்டதை அந்தச் சேனல் இல்லாத வீடுகள் பார்க்கவில்லை. எல்லைக்கு வடக்கே சி.பி.சி.யில் அதே ஓவர்டைம் தடையில்லாமல் ஓடியது. காரணம் எளிது: என்.பி.சி. அப்போது ஹாக்கிக்கு உரிமைத் தொகையே கொடுக்கவில்லை, விளம்பர வருவாயைப் பங்கிடும் ஏற்பாடுதான். பணம் போடாத பொருளைப் பாதியில் விட்டுப்போவதில் யாருக்கும் வலிக்காது.

2011-ல் என்.பி.சி. பத்தாண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்ததும் நிலைமை மாறியதைக் கவனியுங்கள். 2012 முதல் பிளேஆஃபின் ஒவ்வோர் ஆட்டமும் நாடு முழுக்கக் கிடைத்தது. இது பெரிய முன்னேற்றம், ஒரே நிறுவனத்திடம் போனதால்தான் நடந்தது. ஏகபோகத்தை எதிர்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதே பத்தாண்டில் ஏகபோகத்தின் சோம்பலும் தெரிந்தது. சிகாகோ, பிட்ஸ்பர்க், பிலடெல்பியா என்று ஒரு சில அணிகளே புதன்கிழமை இரவுகளில் திரும்பத் திரும்ப வந்தன. மேற்குப் பக்க அணிகளின் நல்ல வீரர்களைப் பிளேஆஃப் வரும்வரை நாடு பார்க்கவே இல்லை. உரிமை இல்லாத ஈ.எஸ்.பி.என்.னின் செய்தி நிகழ்ச்சிகளில் ஹாக்கி ஏறக்குறைய மறைந்தே போனது. கனடாவில் உரிமை இழந்தவர் செய்தியில் முனைந்தார், அமெரிக்காவில் உரிமை இழந்தவர் கண்டுகொள்வதையே விட்டுவிட்டார். அமெரிக்காவில் ஹாக்கிக்கு ஊடக இடம் என்பதே உரிமை வைத்திருப்பவர் தருவதுதான். ஆகவே அங்கே ஒரே ஒருவருக்குக் கொடுப்பது இன்னும் ஆபத்து.

இரண்டு பேருக்குப் பிரித்தபோது

2021-ல் லீக் பாடம் படித்தது. மார்ச்சில் ஈ.எஸ்.பி.என்.-ஏ.பி.சி., ஏப்ரலில் டர்னர் என இரண்டு ஒப்பந்தம். ஸ்டான்லி கோப்பை இறுதி ஓராண்டு ஏ.பி.சி.யில், மறு ஆண்டு டர்னரின் டி.என்.டி. சேனலில். வெளியூர் அணி ஆட்டங்கள் எல்லாம் ஈ.எஸ்.பி.என். பிளஸ் இணையச் சேவைக்குள் போயின.

பேச்சின் தரம் உடனே உயர்ந்தது. டி.என்.டி. தன் இடைவேளைக் குழுவைத் தளர்வாக, சிரிப்பும் சீண்டலுமாக அமைத்தது. வெய்ன் கிரெட்ஸ்கி, ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட், பால் பிஸ்னெட் போன்ற முன்னாள் வீரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு பனியில் ஏதாவது செய்து காட்டுவார்கள். ஈ.எஸ்.பி.என். வேறு பாணி, கொஞ்சம் விறைப்பு. எது நன்று என்பது அவரவர் ருசி. முக்கியம் என்னவென்றால், ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்து ஒப்பிட முடிகிறது, அது அவர்களுக்கும் தெரியும். கனடாவில் 2014-க்குப் பிறகு தேசிய ஆட்டத்தில் காணாமல் போனது இதுதான்.

சென்று சேர்வதில் பிரிவினை ஒரு புதிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. ஏ.பி.சி. ஆன்டெனாவில் கிடைக்கும் இலவசச் சேனல். டி.என்.டி. கேபிள். 2023 இறுதி முழுக்கக் கேபிளில் போனது. 1994-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அடுத்து வந்தது ஆராய்ச்சியாளர் திட்டமிட்டு வைத்த சோதனை போல அமைந்தது. 2024 இறுதியில் எட்மன்டனும் ஃபுளோரிடாவும் மோதின, ஏ.பி.சி.யில். 2025 இறுதியிலும் அதே இரண்டு அணிகள், இந்த முறை டி.என்.டி.யில். அமெரிக்காவில் சராசரிப் பார்வையாளர் முதல் முறை சுமார் 42 லட்சம், இரண்டாவது முறை சுமார் 25 லட்சம். 2024 தொடர் ஏழு ஆட்டம் போனது, 2025 ஆறோடு முடிந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்தாலும் இடைவெளி பெரியது. எட்மன்டனின் நட்சத்திரம் கானர் மெக்டேவிட் ஆடுகிற இறுதிப் போட்டியை இவ்வளவு பேர் தவறவிட்டதற்கு முதல் காரணமாக எனக்குத் தெரிவது கேபிள்.

இரண்டாகப் பிரித்தால் செலவும் இரண்டாகும் என்பது நிஜம். ஈ.எஸ்.பி.என். இணையச் சேவைக்கு ஒரு சந்தா, டி.என்.டி.க்கு ஒரு வழி, உள்ளூர் அணிக்கு மூன்றாவது. ஒரே நிறுவனம் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று வாதிடுவார்கள். கனடாவைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. 2024-25 முதல் திங்கட்கிழமை தேசிய ஆட்டங்களை ரோஜர்ஸ் அமேசான் பிரைமுக்கு உள்குத்தகைக்கு விட்டது. மீதி பெரும்பாலும் தன் ஸ்போர்ட்ஸ்நெட் சேனல்களில். டொராண்டோ, ஒட்டாவா, வின்னிபெக் போன்ற அணிகளின் பிராந்திய ஆட்டங்கள் பல டி.எஸ்.என்.னில். ஒரே முதலாளி, ஆனாலும் ரசிகர் கையில் பல சந்தா. தலைமை ஒப்பந்தத்தில் பணத்தைக் கொட்டியவர் அதை மீட்க உள்ளே துண்டு போட்டு விற்றுத்தான் ஆக வேண்டும்.

அணியின் கையில், ஆன்டெனாவில்

அமெரிக்காவில் வழக்கமான பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்களைக் காட்டுவது பிராந்திய விளையாட்டுச் சேனல்கள். ஒவ்வோர் ஊருக்கும் அதுவும் ஓர் ஏகபோகம்தான், யாரும் அப்படி அழைப்பதில்லை. அது எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்குக் கொலராடோவைக் காட்டலாம். அணி முதலாளியின் ஆல்டிட்யூட் சேனலுக்கும் காம்காஸ்டுக்கும் 2019-ல் தகராறு வந்தது. 2025 வரை தீரவில்லை. நடுவே 2022-ல் கொலராடோ அவலாஞ்ச் அணி கோப்பையை வென்றது. டென்வரின் மிகப் பெரிய கேபிள் நிறுவன வாடிக்கையாளர்கள் தங்கள் ஊர் அணி சாம்பியனாகிற பருவத்தின் பெரும்பகுதியைப் பார்க்கவில்லை.

2023 மார்ச்சில் பாலி ஸ்போர்ட்ஸ் என்ற பிராந்தியச் சேனல்களை நடத்திய டயமண்ட் நிறுவனம் திவால் பாதுகாப்புக்குப் போனது. அந்த அதிர்ச்சிக் காலத்தில் ஒரு நல்லதும் நடந்தது. வேகஸ் கோல்டன் நைட்ஸ் 2023-24 முதல் உள்ளூர் ஆட்டங்களை ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தின் இலவசச் சேனலுக்குக் கொடுத்தது. ஃபுளோரிடா பேந்தர்ஸ் அடுத்த பருவத்தில் அதே வழியில் போனது. டல்லாஸ் ஸ்டார்ஸ் விக்டரி பிளஸ் என்ற இலவச இணையச் சேவைக்குப் போனது, விளம்பரம் மட்டும் பார்த்தால் போதும்.

ஊர்க் குழுவின் படம் தேசியக் குழுவின் அளவுக்குச் செழிப்பாக இருக்காது, கேமராக்கள் குறைவு. பேச்சு ஒருதலைப் பட்சம், வர்ணனையாளருக்குச் சம்பளம் தருவதே பல இடங்களில் அணிதான். தன் அணி வீரர் தடியால் எதிராளியின் காலை வாரினால் அவருக்கு அது தெரியாது! ஆனாலும் நான்காவது வரிசையில் ஆடும் பையன் போன மாதம் எங்கே காயம்பட்டான், எந்த ஜோடி தடுப்பாட்டம் எடுபடவில்லை என்பது அவருக்கு அத்துப்படி. வாரம் ஒரு முறை வந்து போகும் தேசிய வர்ணனையாளருக்கு அது தெரியாது. தினசரி ஆட்டத்துக்கு எனக்கு ஊர்க் குரல்தான் பிடிக்கும். கோப்பைக்கான ஆட்டத்துக்கு அது வேண்டாம்.

கோவிட் காலத்தில் தொடங்கிய ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெளியூர் ஆட்டத்துக்கு வர்ணனையாளர் போகாமல் சொந்த ஊர் ஸ்டூடியோவில் திரையைப் பார்த்துச் சொல்வது. தடைகள் நீங்கிய பிறகும் பல ஒளிபரப்புகளில் இது நீடித்தது, பயணச் செலவு மிச்சம் என்பதால். ஹாக்கியில் இது ஏமாற்று. பக்கிலிருந்து தொலைவில் யார் பெஞ்சிலிருந்து இறங்குகிறார் என்று அரங்கில் இருப்பவருக்குத் தெரியும். திரையைப் பார்க்கிறவருக்கு நமக்குத் தெரிகிறது மட்டும்தான் தெரியும்.

சில குறைகள் யார் உரிமை வாங்கினாலும் வரும். 2022-23 முதல் அரங்கத் தடுப்புப் பலகைகளின் மேல் கணினியில் ஒட்டும் விளம்பரங்கள் அப்படிப்பட்டவை. ஆட்டம் ஓடும்போது எழுத்துகள் நகரும், சில சமயம் வீரரின் உடலில் பாதி விளம்பரத்துக்குள் மறையும். அது ஒளிபரப்பாளர் முடிவு இல்லை, லீக்கின் வருமானம். 1996-ல் ஃபாக்ஸ் பக்கைச் சுற்றி நீல ஒளி வளையம் போட்டுக் காட்டியதைச் சிரித்துத் தள்ளினோமே, அதுவாவது பக்கைக் காட்டுவதற்காகப் போட்டது.

எதை எடுப்பது?

2028-க்கான மேசையில் எனக்கு ஓர் ஓட்டு இருந்தால் இரண்டு நிறுவனத்துக்குப் பிரிப்பதற்குத்தான் போடுவேன். மூன்றாக வேண்டாம், சந்தா எண்ணிக்கை தாங்காது. ஒரே நிறுவனம் இன்னும் அதிகப் பணம் தரலாம், முதல் இரண்டு பருவம் பிரமாதமாகவும் இருக்கும். ஆனால் வருமானம் சரிகிற ஆண்டில் வெட்டு எங்கே விழும் என்பதைக் கனடா காட்டிவிட்டது. காலம் ஏழு ஆண்டுக்கு மேல் கூடாது. அதற்குள் மறு பேரம் வரும் என்று தெரிந்தால்தான் ஐந்தாவது ஆண்டிலும் ஒளிபரப்பாளர் கேமராவைக் குறைக்கத் தயங்குவார்.

வாங்குகிறவர் சேனல் மட்டும் நடத்துகிறவரா, கேபிளும் போனும் விற்கிறவரா என்பதையும் பார்ப்பேன். இரண்டாமவர் என்றால், எந்தக் கேமராக் கோணமும் எந்த வாடிக்கையாளருக்கும் தனியாகப் போகாது என்று எழுதி வாங்க வேண்டும். இறுதிப் போட்டி ஒவ்வோர் ஆண்டும் ஆன்டெனாவில் கிடைக்கும் சேனலில் வர வேண்டும், டர்னரின் முறை வந்தாலும் ஓர் இலவசச் சேனலோடு இணைந்து காட்டட்டும். பிளேஆஃபில் வர்ணனையாளர் அரங்கத்தில் இருக்க வேண்டும். தொடங்கிய ஆட்டம் அதே சேனலில் முடிய வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு உரிமைத் தொகையோடு ஒப்பிட்டால் சில்லறை.

தினசரி ஆட்டங்களை ஊருக்கே விட்டுவிடலாம், வேகஸ் வழியில். பிளேஆஃபின் முதல் சுற்று வரை ஊர்க் குழு கூடவே ஓடட்டும்.

கனடாவில் தலை ஒப்பந்தத்தைப் பற்றி 2038 வரை பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது உள்குத்தகைகளை. சனிக்கிழமை இரவு இலவசச் சேனலில் தொடருமா, பிரெஞ்சு ஒளிபரப்பில் வாரத்துக்கு ஓர் ஆட்டமாவது கட்டணம் இல்லாமல் வருமா, ஓம்னியில் பஞ்சாபிக்கு அடுத்து எந்த மொழி என்ற மூன்று கேள்வியையும் ரோஜர்ஸிடம் இப்போதே கேட்கலாம்.